டோனருக்கு முன்பே முடிவாகிற பழுப்பு

கருப்பு வெள்ளைப் பிரிண்ட் போடுகிற நண்பர்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது டோனர் பற்றித்தான். எந்த டோனர் வாங்கலாம், எத்தனை நிமிஷம் போடலாம், பழைய படங்களில் இருக்கிற அந்தச் சாக்லேட் பழுப்பு எந்தப் பாட்டிலில் கிடைக்கும்? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த டெவலப்பரில் போட்டீர்கள்? பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்டதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. வார்ம் டோன் பேப்பரில் பழுப்பு வருமா, எவ்வளவு வரும், எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் டெவலப்பர் ட்ரேயிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டோனர் அந்த முடிவை வெளியே கொண்டுவருகிறது.

நம்பிக்கை வராவிட்டால் செய்து பாருங்கள். ஒரே நெகட்டிவ், ஒரே பெட்டியிலிருந்து இரண்டு தாள். ஒன்றை முழு வீரியமுள்ள சாதாரண டெவலப்பரில் போடுங்கள். மற்றொன்றுக்கு வெளிச்சம் கூடக் கொடுத்து, நன்றாக நீர்த்து புரோமைடு சேர்த்த டெவலப்பரில் போடுங்கள். அடர்த்தி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிக்ஸ் பண்ணி, கழுவி, இரண்டையும் பாதியாக வெட்டி, தாளுக்கொரு பாதியை ஒரே செலினியம் ட்ரேயில் சேர்த்துப் போடுங்கள். முதல் தாளின் பாதியில் கருப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாகும், ஓரளவு பழுப்புச் சாயை தட்டும். இரண்டாவது தாளின் பாதி செம்பழுப்புக்கு ஓடிவிடும். டோனரும் பேப்பரும் ஒன்றே. வேறுபாடு வெள்ளித் துகளில் இருக்கிறது.

பேப்பரில் நாம் பார்க்கிற கருப்பு உலோக வெள்ளி. துகள் பெரிதாக, இழை இழையாகச் சுருண்டு வளர்ந்திருந்தால் எல்லா நிற ஒளியையும் விழுங்கிவிடும். கண்ணுக்கு நடுநிலைக் கருப்பு. துகள் மிக நுண்ணியதாக நின்றுவிட்டால் நீலத்தை அதிகம் விழுங்கும், சிவப்பையும் மஞ்சளையும் விட்டுவிடும், கண்ணுக்குப் பழுப்பு. இன்னும் சிறிதானால் வெள்ளி மஞ்சளாகவே தெரியும். பிலடெல்பியாவில் இருந்த கேரி லீ 1889இல் வெள்ளியைப் பொன்னிறமாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் தயாரித்துக் காட்டி எழுதினார். கலர் பிலிமுக்குள் நீல ஒளியைத் தடுக்க வைக்கிற மஞ்சள் அடுக்குக்கு இன்றும் அவர் பெயர்தான், கேரி லீ வெள்ளி. அது சாயமே இல்லை, நுண்துகள் வெள்ளி. இதைப் படித்த பிறகு டார்க் ரூமில் நான் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் அர்த்தம் வேறாகிவிட்டது.

வார்ம் டோன் பேப்பரின் எமல்ஷனில் சில்வர் புரோமைடோடு சில்வர் குளோரைடும் கணிசமாக இருக்கும். குளோரைடு சேர்ந்த துகள் இயல்பிலேயே நுண்ணியது. நம் வேலை, டெவலப் ஆகும்போது அது பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. வெல்லப்பாகைப் பதம் பார்த்து இறக்குகிற மாதிரி, வளர்ச்சியை ஓர் இடத்தில் பிடித்து நிறுத்துகிறோம். துகள் சிறிதாக இருப்பதால் நிறம் பழுப்பு. அதே காரணத்தால் டோனர் சுலபமாகப் பற்றுகிறது, ஏனென்றால் எடைக்கு எடை பார்த்தால் மேற்பரப்பு அதிகம். காற்றில் இருக்கிற கெடுதலும் அதே வேகத்தில் பற்றும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேப்பரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை, வருத்தம்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் அக்பா போர்ட்ரிகா ராப்பிட் என்று சொல்லும்போதே குரல் மாறும். ரெக்கார்டு ராப்பிட்டும் அப்படித்தான். அந்தக் காலத்து வார்ம் டோன் எமல்ஷன்களில் காட்மியம் உப்பு சேர்த்தார்கள். நஞ்சு என்பதால் பிறகு எடுத்துவிட்டார்கள், நிறமும் கொஞ்சம் மாறிப்போனது. கோடாக் கருப்பு வெள்ளைப் பேப்பரை நிறுத்துவதாக 2005இல் அறிவித்தது. ஹங்கேரியில் வாட்ஸ் ஊரில் இருந்த ஃபோர்ட்டே தொழிற்சாலை 2007இல் மூடியது. அதன் பாலிவார்ம்டோன் பேப்பருக்கு ஈடாக ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. நம் ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பேப்பரும் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மலை ஏறினால் போட்டோ பேப்பர் செய்கிற ஊர் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. இப்போது என் கைக்கு வருவது இறக்குமதிதான். இல்ஃபோர்டின் மல்டிகிரேடு வார்ம்டோன் ஒன்று, செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே ஊரில் ஃபோமா செய்கிற ஃபோமாடோன் மற்றொன்று.

இல்ஃபோர்டு நிதானமானது. அடிப்பேப்பரின் வெள்ளையே லேசாகக் கனிந்த வெள்ளை. ஃபோமாடோன் உணர்ச்சிவசப்படுகிற பேப்பர். டெவலப்பரில் சிறிது மாற்றினாலும் நிறம் தாவும், சில சமயம் பச்சை கலந்த ஆலிவ் நிறத்தில் நிற்கும், செலினியத்தில் போட்டதும் செங்கல் பக்கம் ஓடும். இரண்டுமே சாதாரணப் பேப்பரைவிட மெதுவானவை, என்லார்ஜரில் கூடுதல் நேரம் கேட்கும். கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர் இல்ஃபோர்டில் தொடங்கட்டும் என்பது என் கருத்து. தாள் விற்கிற விலைக்குத் தாவுகிற பேப்பரைப் பழக்கிக்கொண்டிருப்பது கட்டாது.

இனி டெவலப்பர். பாட்டிலில் வருகிற வார்ம் டோன் டெவலப்பர் வாங்கினாலும் சரிதான், ஆனால் நானே கலந்து வைப்பதே வழக்கம், ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரியும். கோடாக் வெளியிட்ட இரண்டு சூத்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாடம் முடிந்துவிடும். டி-72 என்பது சாதாரண டெவலப்பர். ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, சோடியம் கார்பனேட் 80, பொட்டாசியம் புரோமைடு 2. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுப் பயன்படுத்துவார்கள். வார்ம் டோனுக்கான டி-52இல் மெட்டால் 1.5, சல்பைட் 22.5, ஹைட்ரோகுவினோன் 6 சொச்சம், கார்பனேட் 17, புரோமைடு 1.5. இதற்கு ஒன்றுக்கு ஒன்று தண்ணீர். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சரிபாதியாகிவிட்டன, புரோமைடு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு கார்பனேட்டில். ட்ரேக்கு வரும்போது டி-72இல் லிட்டருக்கு 27 கிராம் அளவில் இருப்பது டி-52இல் எட்டரைதான். காரம் குறைந்தால் டெவலப்மென்ட் நிதானப்படும், புரோமைடு பிடித்து இழுக்கும், துகள் சிறிதாகவே நிற்கும்.

இதற்கு மேல் பழுப்பு வேண்டுமென்றால் நான் தொடுவது பத்து சதவீதப் புரோமைடு கரைசல். லிட்டருக்கு 10 மில்லி விட்டுப் பார்ப்பேன், போதாவிட்டால் இன்னும் 10. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் படம் வெளிறி நிற்கும். சிலர் புரோமைடுக்குப் பதிலாகக் கையில் இருக்கிற பென்சோட்ரையசோலை விட்டுவிடுகிறார்கள். அதுவும் புகைமூட்டத்தை அடக்கும், ஆனால் நிறத்தை நீலக் கருப்புக்குத் தள்ளும். வார்ம் டோனுக்கு நேர் எதிர். பல பிரிண்ட் போட்டுக் களைத்த டெவலப்பரில் நிறம் தானாகவே கனிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். பேப்பரிலிருந்து வந்த புரோமைடு அதில் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம். புதிதாகக் கலந்த கரைசலில் முந்தைய நாளின் பழைய கரைசலைக் கொஞ்சம் சேர்ப்பது நல்ல பழக்கம்.

சூடு நம் ஊருக்கே உரிய பிரச்சினை. சூத்திரங்கள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை. சித்திரை வைகாசியில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை அப்படியே பிடித்தால் கை பொறுக்காது. 30 டிகிரியில் டெவலப்பர் பாய்ந்து வேலை செய்யும், துகள் பெருக்கும், காசு கொடுத்து வாங்கிய வார்ம் டோன் பேப்பரில் கறாரான கருப்பு வந்து நிற்கும். டெவலப்பர் ட்ரேயை அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து, சுற்றிலும் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, 22, 23 டிகிரிக்குள் நிறுத்துகிறேன். பிரிண்ட் போடுவது இரவில்தான். டெவலப்பர் கலக்கச் சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற தெருவில் இருப்பது அதிர்ஷ்டம். போர் தண்ணீரின் சுண்ணாம்பு கார்பனேட்டோடு சேர்ந்து ட்ரேயில் வெள்ளைப் படிவாக மிதக்கும்.

சூட்டுக்குப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் கண்ட வழி, ஃபிக்ஸ் பண்ணுகிற ஹைப்போவில் படிகாரம் சேர்ப்பது. ஜெலட்டின் இறுகும், வெந்நீர் மாதிரியான தண்ணீரிலும் உரிந்து வராது. டோனிங் செய்யப்போகிற பிரிண்டுக்கு இது வேண்டாம். இறுகிய ஜெலட்டினுக்குள் டோனர் மெதுவாகத்தான் இறங்கும், கழுவுவதும் கஷ்டம். தண்ணீரைக் குளிர்விப்பதே மேல்.

சிவப்பு விளக்கில் நிறம் தெரியாது. டெவலப்பரில் கருப்பு ஏறுவது தெரியும், பழுப்பா கருப்பா என்பது ஃபிக்ஸ் முடிந்து வெள்ளை விளக்கைப் போட்டால்தான் தெரியும். அதுவும் ஈரத்தில் தெரிவதை நம்பக் கூடாது. ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு டெஸ்ட் துண்டின் பின்புறமும் பென்சிலால் டெவலப்பர், நீர்ப்பு, நேரம் எல்லாம் எழுதிக் காயவைக்கச் சொல்கிறேன். மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பது தனி சுகம்.

நெகமம் பக்கத்தில் எடுத்த ஒரு குழித்தறிப் படம் என்னிடம் இருக்கிறது. சின்ன ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சம் வெள்ளைப் பாவு நூல்மேல் நேராக விழுகிறது. தறிக்குழி முழு இருட்டு. நடுவில் பலகையும் கையும். வார்ம் டோனுக்கென்றே அமைந்த நெகட்டிவ் என்று தோன்றியது, ஏனென்றால் மரம், மண் சுவர், கை எல்லாமே பழுப்பைக் கேட்கிற விஷயங்கள். நீர்த்த டெவலப்பரில் மூன்று நிமிஷம் போட்டேன். வந்த பிரிண்ட் இதமாக இருந்தது, ஆனால் குழியின் இருட்டு மெலிந்த சாக்லேட்டாக நின்றது. அதீதமாகப் பழுப்புக்கு இழுத்தால் கொடுக்க வேண்டிய விலை இது. கருப்பின் ஆழம் குறையும். அந்த ஆழத்தைத் திருப்பித் தருவது செலினியம்.

செலினியம் டோனரை ஒன்றுக்கு ஒன்பது நீர்ப்பில் விட்டு, வெளிச்சமான இடத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்துச் செய்கிறேன். அம்மோனியா நெடி மூக்கில் ஏறும், கையுறை கட்டாயம். பக்கத்தில் டோன் பண்ணாத அதே பிரிண்டின் ஈரத் தாள் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, கண் பழகிக்கொண்டே வந்துவிடும். முதல் ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு குழியின் இருட்டு மெல்லக் கெட்டிப்பட ஆரம்பித்தது. அதில் இருந்த பச்சைச் சாயல் முதலில் போனது. அடுத்துக் கத்தரிக்காய்த் தோலின் கருமை வந்தது, தறியின் கால்மரத்துக்கும் குழிக்கும் நடுவே அதுவரை ஒட்டிக் கிடந்த விளிம்பு பிரிந்து நின்றது. இன்னும் ஒரு நிமிஷத்தில் பலகை செம்பழுப்பானது. பாவு நூல் மட்டும் அசையவில்லை. செலினியம் அடர்த்தியான இடத்தில் தொடங்கி மெலிந்த இடத்துக்கு ஏறி வருகிறது. நடுவில் எடுத்துவிட்டால் நிழல் பழுப்பு, வெளிச்சம் பழைய நிறம் என்று இரண்டு நிறமாக நிற்கும். அந்த இடத்தில்தான் எடுத்தேன். வெயில் காலத்தில் டோனரும் வேகமாக வேலை செய்யும் என்பதால் நிமிஷக் கணக்கை நம்பாமல் பக்கத்துத் தாளை நம்புங்கள். செலினியம் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டும். பிரிண்டைச் சற்றே மென்மையாகப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அதே படத்தைச் செப்பியாவிலும் செய்து, இரண்டையும் தறிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். செப்பியாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “நூலு வெள்ளை நூலுங்க. இதுல பழுத்துப் போயிருக்குதுங்களே” என்றார். செலினியப் பிரிண்டை நீட்டியதும், “இது நம்ம தறிங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டார். நிழலில் தொடங்குகிற டோனருக்கும் வெளிச்சத்தில் தொடங்குகிற டோனருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செப்பியாவின் வழி தலைகீழ். முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த மஞ்சள் கரைசலில் படத்தை வெளுக்க வேண்டும். வெள்ளி மறுபடி சில்வர் புரோமைடாகும், மெலிந்த இடங்கள் முதலில் மறையும். கழுவிவிட்டு, சோடியம் சல்பைடிலோ காரம் சேர்த்த தயோயூரியாவிலோ போட்டால் படம் சில்வர் சல்பைடாகத் திரும்பி வரும். சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதன் ஆவி பிரிக்காத பேப்பரையும் புகைமூட்டமாக்கிவிடும், அமிலம் பட்டால் நஞ்சுக் காற்றாகும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். தயோயூரியாவுக்கு நாற்றமில்லை. காரம் அதிகமானால் அடர் பழுப்பு, குறைந்தால் மஞ்சள் பழுப்பு என்று நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் கவனம் வைக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வெளுப்பதற்கு முன் பிரிண்டில் ஹைப்போ துளியும் இருக்கக் கூடாது. ஹைப்போவும் ஃபெர்ரிசயனைடும் சேர்ந்தால் வெள்ளியையே கரைத்துக் கொண்டுபோகிற ஃபார்மர் ரெட்யூசர் ஆகிவிடும். வெளிச்சப் பகுதியின் நுண்விவரம் போனால் போனதுதான், தயோயூரியா அதைத் திருப்பித் தராது. ஃபைபர் பேப்பரை ஒரு மணி நேரமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் நான் அந்த மஞ்சள் ட்ரே பக்கமே போவேன். அப்புறம், வார்ம் டோன் பேப்பரின் நுண்துகள் வெளுப்பானில் சட்டென்று வெளுத்துவிடும். வெளுப்பானை நன்றாக நீர்த்து வைத்துக்கொண்டு, வெளிச்சப் பகுதி மட்டும் மங்கியதும் தூக்கிக் கழுவித் தயோயூரியாவில் போட்டால் பாதிச் செப்பியா கிடைக்கும். அதைக் கழுவிச் செலினியத்தில் போட்டால் நிழலையும் பிடித்துவிடலாம். முகங்களுக்கு இந்த இரட்டை முறை எனக்கு மிகவும் பிடிக்கும். கன்னத்தில் செப்பியாவின் இளமஞ்சளும் கூந்தலில் செலினியத்தின் கருஞ்சிவப்பும் சேர்கிற இடம் வேறெதிலும் வராது.

தங்க டோனர் விலை காரணமாக அதிகம் தொடுவதில்லை. வார்ம் டோன் பேப்பரில் அது படத்தை நீலத்துக்குக் கொண்டுபோகும், செப்பியா செய்த பிரிண்டின்மேல் போட்டால் ஆரஞ்சுச் சிவப்பு வரும். பாலிசல்பைடு டோனர் வெளுக்காமலே பழுப்பாக்கும், ஆனால் கழுவுகிற தண்ணீரில் நீர்த்துப்போன நிலையிலும் வேலையைத் தொடரும். சோடியம் சல்பைட் கரைசலில் முக்கி நிறுத்த வேண்டும்.

நிறம் பிடிக்காதவர்களும் வார்ம் டோன் பேப்பரில் போட்டால் டோன் செய்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் சுவரில் இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டியிருக்கிற பழைய கல்யாணப் படங்களைப் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். ஓரங்களில், கருப்பான இடங்களில், கண்ணாடி மாதிரி வெள்ளி பூத்திருக்கும். ஈரப்பதமும் பெயின்ட்டிலும் புகையிலும் வருகிற ஆக்சிஜனேற்றும் வாயுக்களும் வெள்ளியை அரித்து நகர்த்தி, மேலே கொண்டுவந்து படியவைத்த கோலம் அது. துகள் நுண்ணியதென்றால் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். அதே சுவரில் செப்பியா செய்த தாத்தா பாட்டி படம் இருந்தால் அது அநேகமாகத் தெளிவாக நிற்கும், ஏனென்றால் அங்கே வெள்ளி சல்பைடாக மாறிவிட்டது, அரிக்க ஒன்றும் மிச்சமில்லை. செலினியமும் இப்படித்தான் காக்கிறது, ஆனால் டோன் ஆன இடத்தை மட்டும். என் குழித்தறிப் பிரிண்டில் நூல் பகுதி இன்னும் வெறும் வெள்ளிதான். தறிக்காரர் வீட்டுக்குக் கொடுத்த பிரதியை அதனால் மிக லேசான வெளுப்பும் தயோயூரியாவும் கொடுத்து, நூலின் வெள்ளை மாறாத அளவில் நிறுத்தித் திரும்பப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடிப்பேப்பரின் கனிந்த வெள்ளைக்குள் அந்தச் சிறு மஞ்சள் அடங்கிவிடுகிறது.

எல்லாப் படத்துக்கும் இந்தப் பேப்பர் பொருந்தாது. பீளமேட்டுப் பக்கம் எடுத்த லேத் பட்டறைப் படங்களைப் பழுப்பில் போட்டால் இரும்பு இரும்பாக இருக்காது. அவற்றுக்குச் சாதாரணப் பேப்பர், டி-72, பளிச்சென்ற கருப்பு.

செலினியம் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். வடிகட்டிப் பாட்டிலில் வையுங்கள், வீரியம் குறைந்தால் புது டோனரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷக் கணக்கில் ஓடும். தீர்த்துவிட வேண்டிய நிலை வந்தால் கழித்த பிரிண்ட்களை அதில் ஊறவையுங்கள். செலினியம் பேப்பரில் ஏறி, கரைசல் எதையும் டோன் பண்ணாத நிலைக்கு வரும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.